எங்கே படித்தீர்கள் என்று கேட்டவருக்கு

போன வாரம் சேலம் பக்கத்து இளம்பிள்ளையிலிருந்து ஒரு சேலை வியாபாரி போன் செய்தார். ஆன்லைனில் விற்க வெப்சைட் வேண்டுமாம். தொகை, நாள் எல்லாம் பேசி முடித்த பிறகு, "தப்பா நினைக்காதீங்கம்மா, நீங்க எங்க படிச்சீங்க, இதுவரைக்கும் யாருக்கெல்லாம் செஞ்சு குடுத்திருக்கீங்க?" என்றார். இதில் தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. பணம் போடுகிறவர் கேட்கத்தான் வேண்டும். அன்றிரவே வாட்ஸப்பில் நான்கு லிங்க் அனுப்பினேன். அனுப்பிய பிறகு அது போதாது என்று பட்டது. லிங்கைத் திறந்தால் முகப்பு தெரியும். உள்ளே எது உடைந்தது, அதை எப்படிச் சரிசெய்தேன் என்பது தெரியாது. என் படிப்பில் பெரும்பகுதி அங்கேதான் நடந்தது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் சர்டிபிகேட் உள்ள படிப்பு. பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு 2010ல் சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு மாத கோர்ஸ் சேர்ந்தேன். அப்பா தறிக்கூலியிலிருந்து மூன்று தவணையாகப் பீஸ் கட்டினார். அங்கே சொல்லிக்கொடுத்த வடிவமைப்பு, முழுப் பக்கத்தையும் ஒரே டேபிளாக வரைந்து அதன் கட்டங்களுக்குள் படத்தையும் எழுத்தையும் அடைக்கிற பழைய முறை. வெளியே எல்லோரும் பக்கத்தின் தோற்றத்தைத் தனியாக எழுதும் சிஎஸ்எஸ்ஸுக்கு மாறியிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனால் சைட்டை இயக்கும் புரோகிராம் மொழியான பிஎச்பியும், தகவலைச் சேமிக்கும் டேட்டாபேஸும் அங்கேதான் பிடிபட்டன. அது கடுமையான மின்வெட்டுக் காலம். கரண்ட் போனால் சார் யாரையும் வீட்டுக்கு விடமாட்டார், நோட்டில் புரோகிராம் எழுதச் சொல்வார். எழுதியதை வரிவரியாகப் படித்து, இந்த இடத்தில் இந்த மதிப்பு என்னவாக இருக்கும் என்று கேட்பார். இன்றும் சிக்கலான வேலை வந்தால் நான் முதலில் எடுப்பது நோட்டைத்தான்.

அந்த ஆறு மாதத்தில் ஒரு தமிழ் எழுத்தைக்கூட நாங்கள் திரையில் போட்டுப் பார்க்கவில்லை. மாதிரிக்குச் செய்த பூக்கடை சைட்டும் முழுக்க ஆங்கிலம். அதன் பலன் 2013ல் தெரிந்தது.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறை. வெளியூர்க் கடைக்காரர்கள் மாடலைப் பார்த்து ஆர்டர் கொடுக்க ஒரு கேட்டலாக் வேண்டும் என்றார்கள். வெள்ளி விலை தினமும் மாறும் என்பதால் விலை போட வேண்டாம். படம், பெயர், எடை கிராமில், அவ்வளவுதான். பத்து நாளில் முடித்துவிட்டேன். பட்டியல் பக்கத்தில் நீளமான பெயர் கட்டத்தைத் தாண்டக் கூடாது என்று முதல் இருபது எழுத்தோடு வெட்டும்படி எழுதியிருந்தேன். ஆங்கிலத்தில் சோதித்தபோது சரியாகவே வந்தது. பட்டறையில் உட்கார்ந்து பெயர்களைத் தமிழில் ஏற்றியதும், "குழந்தை சலங்கை கொலுசு" என்று இருக்க வேண்டிய இடத்தில் "குழந்த" என்று நின்று, பக்கத்தில் ஒரு கறுப்புச் சாய்சதுரமும் அதற்குள் கேள்விக்குறியும் வந்தது. முதலாளி கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "என்ன பாப்பா, பேரு பாதில நிக்குது?" என்றார்.

நான் எழுத்து என்று நினைத்ததை பிஎச்பி, கம்ப்யூட்டரின் சேமிப்பு அலகான பைட் என்று எண்ணியிருக்கிறது. எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். இருபதாவது பைட்டில் வெட்டினால் தை-யில் இருக்கும் ஐகாரக் குறி நடுவிலேயே அறுந்துபோகிறது.

சரி என்று, பைட்டை விட்டுவிட்டுக் குறியீட்டை எண்ணும் கட்டளையாக மாற்றினேன். அடுத்த நாள் அதே பெயர் "குழந்தை சலங்கை கொலுச" என்று வந்தது. எல்லா மொழி எழுத்துக்கும் குறியீடு தரும் யூனிகோடில் சு என்பது ஓர் எழுத்து இல்லை. ச ஒன்று, உகரக் குறி ஒன்று. புள்ளி வைத்த ந் கூட இரண்டுதான். நாம் எண்ணினால் இடைவெளியோடு சேர்த்துப் பதின்மூன்று வருகிற பெயர், கம்ப்யூட்டருக்கு இருபத்தொன்று. அந்தக் கடைசி உகரம் மட்டும் வெளியே விழுந்துவிட்டது. தன் தொழிலின் பெயரே தன் சைட்டில் தப்பாக இருப்பதைப் பார்த்த முதலாளியின் முகம் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. அவர் திட்டவில்லை. "மெருகு போடும்போது ஒரு சலங்கை உதிர்ந்தா மொத்தக் கொலுசும் திரும்பி வந்துரும்மா" என்று மட்டும் சொன்னார்.

நாம் எழுத்து என்று எண்ணுவதை அப்படியே எண்ணும் கட்டளைகளும் பிஎச்பியில் இருக்கின்றன, அதற்குத் தனியாக ஒரு கூடுதல் தொகுதியை இயக்க வேண்டும். அதைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது. ஆனால் கடைசியில் வெட்டுவதையே நிறுத்திவிட்டேன். பெயர் நீளமாக இருந்தால் இரண்டு வரியாக ஓடட்டும், கட்டம் வளரட்டும். வரிகளுக்கு நடுவே இடைவெளியையும் கூட்டினேன். மேலே இகர வளைவு, கீழே உகரச் சுழி என்று தமிழ் மேலும் கீழும் இடம் கேட்கிற எழுத்து. அன்றிலிருந்து எந்த வேலையானாலும் முதலில் வாடிக்கையாளரிடம் இருப்பதிலேயே நீளமான தமிழ்ப் பெயரை வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வடிவமைப்பைத் தொடங்குகிறேன். இதை ஏன் எந்த கோர்ஸிலும் முதல் நாளே சொல்லித்தருவதில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

அடுத்தது ஒரு ஜவ்வரிசி ஆலை. வேலை சிறியது. மரவள்ளிக் கிழங்கு வந்து இறங்குவதிலிருந்து களத்தில் வெள்ளை வெளேரென்று காய்வது வரை நான்கு படம், ஒரு போன் நம்பர். வாங்குகிறவர்கள் நிறையப் பேர் மகாராஷ்டிரக்காரர்கள். அங்கே விரத நாளில் ஜவ்வரிசியில் செய்யும் சாபுதானா கிச்சடி சாப்பிடுவார்கள். அதனால் மராத்தியில் ஒரு பக்கம் வேண்டும் என்று நான்தான் சொன்னேன். ஆலைக்கு அங்கிருந்து வந்துபோகும் தரகரே மொழிபெயர்த்துக் கொடுத்தார். இரண்டு பக்க சைட்தான், அதற்குமேல் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

அப்புறம் ஏற்காடு. இதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக இருக்கமாட்டேன்.

மலைமேல் காபித் தோட்டத்துக்குள் நான்கு அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்தும் ஓர் அக்காவுக்கு 2018ல் புக்கிங் சைட் செய்தேன். அங்கே சிக்னல் ஒழுங்காக வராது. ஒவ்வொன்றும் நான்கு எம்பி இருந்த படங்களை நூறு, நூற்றைம்பது கேபிக்குக் குறைத்தேன். அதில் பெருமையாகவே இருந்தேன். மே மாத சீசனில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அக்கா கூப்பிட்டார். ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பம், புதுச்சேரியிலிருந்து ஒரு குடும்பம், இரண்டு பேர் கையிலும் அதே அறைக்கு அதே தேதியில் ரசீது. குழந்தைகள் பனியில் நிற்கிறார்கள். மலையில் வேறு எங்கும் அறை இல்லை. அக்கா தன் படுக்கையறையை ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு சமையலறையில் படுத்துக்கொண்டார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனேன். முதலில் இரண்டு குடும்பத்திடமும் மன்னிப்புக் கேட்டேன். பிறகு திண்ணையில் உட்கார்ந்து புரோகிராமை நோட்டில் எழுதினேன், மின்வெட்டுக் காலத்தில் செய்த மாதிரியே. நான்காவது வரியில் தெரிந்துவிட்டது. அறை காலியா என்று என் புரோகிராம் முதலில் கேட்கிறது. காலி என்றால் பதிவு செய்கிறது. கேட்பதற்கும் பதிவதற்கும் நடுவில் ஒரு நொடி இருந்தால் போதும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்டால் இரண்டு பேருக்கும் காலி என்றே பதில் போகும். ஊரில் ஒரு ஆள் மட்டும் சோதித்தால் இது தெரியவே தெரியாது.

திருத்தம் சின்னதுதான். ஒவ்வொரு இரவுக்கும் ஒரு வரி. அறை எண்ணும் தேதியும் சேர்ந்து ஒருமுறைக்குமேல் வரக் கூடாது என்று டேட்டாபேஸிலேயே கட்டுப்பாடு. இரண்டாவதாக வருகிறவரை டேட்டாபேஸே தடுத்துவிடும், அந்த அறை இப்போதுதான் போய்விட்டது என்று அவருக்குச் சொல்லிவிடலாம், பணமும் எடுக்காது. திருத்திய பிறகு நானும் தம்பியும் இரண்டு போனில் ஒன்று இரண்டு மூன்று சொல்லி ஒன்றாக அமுக்கினோம். ஐம்பது தடவையாவது அமுக்கியிருப்போம். வாங்கிய கூலியில் பாதியைத் திருப்பித் தந்தேன். அக்கா முதலில் மறுத்தார், பிறகு வாங்கிக்கொண்டார். இன்றும் அந்த சைட்டை நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

அதே வருடம் ஜூலையில் குரோம் பிரவுசர், முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுக் குறி இல்லாத சைட்டுகளை எல்லாம் பாதுகாப்பற்றது என்று காட்ட ஆரம்பித்தது. ஒரே வாரத்தில் பழைய வாடிக்கையாளர்கள் எல்லோரும் பதறிப்போய்க் கூப்பிட்டார்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு தரும் இலவசப் பாதுகாப்புச் சான்றிதழை சைட்டில் போட்டுக் கொடுத்தேன். அப்போது அது தொண்ணூறு நாளில் காலாவதியாகும், தானாகப் புதுப்பிக்கிற மாதிரி அமைக்க வேண்டும். கொரோனா ஊரடங்கில் ஃப்ரீகோட்கேம்ப் என்ற இணையப் பாடத் தளத்தில், போன், கம்ப்யூட்டர் என்று எந்தத் திரைக்கும் பக்கத்தைப் பொருத்தும் ரெஸ்பான்சிவ் டிசைன் பாடம் முழுவதையும் செய்து முடித்தேன். இலவசம்தான், ஆனால் அப்போது அதில் கேட்ட ஐந்து புராஜெக்டையும் நாமே செய்து காட்டினால்தான் சான்றிதழ் கிடைத்தது.

இளம்பிள்ளைக்காரருக்கு இந்தப் பதிவின் லிங்கை அனுப்பிவிட்டேன். படித்துவிட்டு, "நேர்லயே வாங்கம்மா, குடோனைப் பாருங்க" என்று வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கிறார். திங்கட்கிழமை காலையில் போகிறேன். சேலைகளின் பெயர்களை, அவர்கள் கடையில் கூப்பிடுகிற மாதிரியே, சுருக்காமல் ஒரு தாளில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.