பயந்தா சிரிக்கிற பையன்

ரிசஸ் முடிஞ்ச உடனே வர்ற பீரியட் எனக்கு எப்பவுமே கொஞ்சம் கஷ்டம்தான். பிள்ளைங்க கேன்டீன்லேருந்து வேர்த்து விறுவிறுத்து வருவாங்க, பாதிப் பேரு வாயில இன்னும் மீ கோரெங் இருக்கும். நம்ம சிங்கப்பூர்ல தாய்மொழி பீரியட்னா கிளாஸ் பிரிஞ்சு போயிடும், சீனப் பிள்ளைங்க ஒரு ரூம், மலாய் ஒரு ரூம், தமிழ்ப் பிள்ளைங்க நாலஞ்சு வகுப்புலேருந்து பொறுக்குன மாதிரி என்கிட்ட வந்து சேருவாங்க. அந்த வருஷம் தொடக்கநிலை 5-ல 11 பேர். ரெண்டு மூணு வருஷமா அதே முகங்கதான், அதனால எல்லாரையும் எனக்கு அத்துப்படின்னு ஒரு நினைப்பு.

அன்னைக்கு ஒரு பையன் வீட்டுப்பாடம் கொண்டு வரல. மூணாவது தடவை. எழுப்பி நிக்க வச்சு ஏன்னு கேட்டேன், பதில் இல்ல. கொஞ்சம் சத்தமா கேட்டேன். சிரிச்சான்.

டீச்சர் வேலை பார்க்கிறவங்களுக்குத் தெரியும், பிள்ளை எதிர்த்துப் பேசுனா கூடப் பொறுத்துக்கலாம், திட்டுறப்போ சிரிச்சா மண்டைக்குள்ள என்னவோ வெடிக்கும். "என்ன சிரிப்பு? நான் என்ன ஜோக்கா சொல்றேன்?"னு கத்துனேன், அவன் சிரிப்பு இன்னும் பெருசாச்சு. அம்மாவுக்கு போன் பண்றேன்னு சொன்னேன், அப்பவும் உதடு இழுத்துக்கிட்டு அதே சிரிப்பு. அப்போ பின் வரிசையில இருந்த ஒரு பொண்ணு, எப்பவும் வாய் ஓயாம பேசிட்டே இருக்கும், நான் தினமும் ரெண்டு தடவையாவது வாயை மூடுன்னு சொல்ற பொண்ணு, கையைக்கூடத் தூக்காம சொல்லுச்சு: "டீச்சர், அவன் பயந்தா அப்படித்தான் சிரிப்பான்."

அப்புறம்தான் அவன் கையைப் பார்த்தேன். சட்டை ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டிக் கசக்கி வச்சிருந்தான்.

17 வருஷ சர்வீஸ் எனக்கு. 11 வயசுப் பொண்ணு ஒரு பார்வையில படிச்சதை நான் படிக்கல.

இதுல வேடிக்கை என்னன்னா, அதுக்கு முந்தின மாசம்தான் எங்களுக்கு எமோஷனல் இன்டெலிஜென்ஸ், அதாவது உணர்ச்சிகளைப் புரிஞ்சு கையாள்ற திறமை பத்தி ஒரு ஒர்க்‌ஷாப் நடந்துச்சு. சலோவே, மேயர்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1990-ல எழுதின கட்டுரைலேருந்து ஆரம்பிச்சு, 1995-ல டேனியல் கோல்மன் புத்தகம் வந்து ஊரெல்லாம் பரவுனது வரைக்கும் சொன்னாங்க. சலோவேயும் மேயரும் பின்னாடி அதை நாலு திறமையாப் பிரிச்சாங்களாம், அதுல முதல் திறமையே உணர்ச்சியைக் கண்டுபிடிக்கிறதுதான், எதிராளி முகத்துலயும் சரி நம்ம மனசுலயும் சரி. நான் நோட்ஸ் எல்லாம் அழகா எடுத்தேன், ஹைலைட்டர் கூடப் போட்டேன். முதல் படியிலயே வழுக்கி விழுந்தேன்.

அதே ஒர்க்‌ஷாப்ல மதியம் ஆளாளுக்கு எம்.பி.டி.ஐ-ன்னு, குணத்தை வகை பிரிக்கிற கேள்வித்தாள் கொடுத்து நாலு எழுத்து பேட்ஜ் மாதிரி குத்தி விட்டாங்க. அந்த 16 வகைல ஒண்ணுதான் நீங்கன்னு சொன்னா கேக்க ஜாலியா இருக்கும், ஸ்டாஃப் ரூம்ல ஒரு வாரம் அதே பேச்சு. ஆனா ஆராய்ச்சி பண்றவங்க அதை அவ்வளவா நம்புறதில்ல, அவங்க பெரும்பாலும் எடுத்துக்கிறது ஐந்து பண்புகள் முறைதான், அதுல வகைன்னு ஒண்ணு கிடையாது, ஒவ்வொரு குணமும் ஒருத்தர்கிட்ட கூடக்குறைய எவ்வளவு இருக்குன்னுதான் பார்ப்பாங்க. எனக்கு இதுதான் சரின்னு படுது. ஏன்னா டீச்சருங்க நாங்க பேட்ஜ் குத்துறதுல கெட்டிக்காரங்க. ஜனவரி ரெண்டாவது வாரத்துலயே முடிவு பண்ணிடுவோம், இவன் சோம்பேறி, இவ வாயாடி, இவன் சாது. அந்தப் பையனுக்கு நான் குத்தின பேட்ஜ் திமிர் புடிச்சவன். நவம்பர் வரைக்கும் அதைக் கழட்டி இருக்க மாட்டேன்.

வாயாடின்னு நான் சொன்ன பொண்ணு வாயாடிதான், அதுல மாற்றமில்ல. ஆனா அவ அவ்வளவு பேர்கிட்ட பேசுறதாலயே அவ்வளவு பேரோட முகமும் அவளுக்குத் தெரியும்னு எனக்குத் தோணவே இல்ல.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. ஈசூன்ல எங்க ப்ளாக் பத்தாவது மாடி, கீழ வாய்ட் டெக்ல, அதான் தரைத்தளத்துல திறந்து விட்டிருக்கிற இடத்துல, யாரோ சிரிச்சுப் பேசுற சத்தம். படிக்கிற காலத்துல பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணின தொல்காப்பியம் மெய்ப்பாட்டியல், உணர்ச்சிகளைப் பத்திச் சொல்ற பகுதி, திடீர்னு ஞாபகம் வந்துச்சு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகைன்னு எட்டு, ஒவ்வொண்ணும் நாலு காரணத்தால பிறக்கும். அச்சத்துக்கு என்ன நாலுன்னு விரல் விட்டு எண்ணுனேன். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பேய், மிருகம், திருடன், அப்புறம் தன்னை ஆள்றவன். பரீட்சையில இதுக்கு முழு மார்க் வாங்கினவ நான். வொயிட்போர்டு முன்னாடி நிக்கிற நானும் அந்த நாலாவது ஆளுதான்னு அன்னைக்கு ராத்திரிதான் உறைச்சுச்சு.

இன்னொண்ணும் யோசிச்சேன். அந்தப் பையன் பயமா இருக்குன்னு ஏன் சொல்லல? சொல்ல வார்த்தை வேணுமே. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல வீட்டுல அதிகமாப் பேசுற மொழி தமிழ்னு சொன்னவங்க 2.5 சதவீதம்தான், ஆங்கிலம் 48.3. எங்க பிள்ளைங்ககிட்ட தமிழ்ல உணர்ச்சி சொல்லச் சொன்னா மூணே மூணு வரும், சந்தோஷம், சோகம், கோபம். தொடக்கப்பள்ளி முடிவுல எழுதுற பி.எஸ்.எல்.இ பரீட்சையோட வாய்மொழித் தேர்வுல வீடியோவைப் பார்த்துட்டுப் பேசணும், அங்கயும் "அந்தச் சிறுவன் சோகமாக இருக்கிறான்"தான். அவன் சோகமா இல்ல கண்ணு, ஏக்கமா இருக்கான், சங்கடமா இருக்கான், கூச்சப்படுறான், தவிக்கிறான்னு சொல்லிக் கொடுக்க ஆரம்பிச்சேன். பாடம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம், இன்னைக்கு எனக்கு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை, அந்த மூணு வார்த்தைக்கும் தடை. ஒருத்தன் "கடுப்பு"ன்னான், எழுத்துத் தமிழ் இல்லதான், இருந்தாலும் போர்டுல எழுதினேன்.

மறுநாள் அந்தப் பையன்கிட்ட சாரி சொன்னேன், எல்லார் முன்னாடியும், ஏன்னா திட்டுனதும் எல்லார் முன்னாடிதான். ஸ்டாஃப் ரூம்ல சீனியர் அக்கா ஒருத்தங்க கோப்பியை வச்சுட்டு, "சாரி எல்லாம் சொன்னா அப்புறம் மதிக்க மாட்டாங்கம்மா"ன்னாங்க. இருக்கலாம் அக்கான்னு சொன்னேன். அவங்க சொன்னதுல கொஞ்சம் உண்மையும் உண்டு, அடுத்த வாரமே மூணு பேர் வீட்டுப்பாடம் கொண்டு வரல. அந்தப் பையன் கொண்டு வந்தான், பாதிதான் எழுதியிருந்தான்.

எனக்குக் கோபம் போயிடுச்சான்னா இல்ல. என் சுபாவமே சட்டுனு சூடாகிறது, எங்க அப்பாகிட்டருந்து வந்தது. கத்த வாய் வரும்போது திரும்பி நின்னு போர்டை அழிக்கிறதுன்னு ஒரு பழக்கம் வச்சிருக்கேன், மெதுவா, மேலேருந்து கீழ வரைக்கும். போன வாரம் அப்படி அழிச்சுட்டு இருக்கும்போது பின்னாடிலேருந்து ஒரு குரல் வந்துச்சு. இப்போ இருக்கிறது வேற வகுப்பு, வேற பொண்ணு.

"டீச்சர், போர்டுல ஒண்ணுமே இல்லையே."