வார்ஃப்ரேமில் எண்டோ எங்கே வீணாகிறது, மிஷன் ஏன் பாதியில் நிற்கிறது

வார்ஃப்ரேம் பார்வைக்கு ஒரு சுடும் விளையாட்டு. கனடாவின் டிஜிட்டல் எக்ஸ்ட்ரீம்ஸ் 2013 மார்ச்சில் வெளியிட்டது, இன்றும் இலவசம்தான். துப்பாக்கி, வாள், சுவரேறி ஓட்டம், நாலு பேர் சேர்ந்து ஒரு மிஷன். ஆனால் உள்ளே இருப்பது முழுக்க ரோல்பிளேயிங் கணக்கு. கோவை, திருப்பூர் பக்கம் புதிதாகச் சேரும் பசங்களிடமிருந்து திரும்பத் திரும்ப வருவது இரண்டு புலம்பல். ஒன்று, "ஏனுங்ண்ணா, ஒரு மேகசின் காலி பண்ணியும் கிரினீர் சாகவே மாட்டேங்குறானுங்க." (கிரினீர் என்பது ஒரு எதிரிக் கூட்டம்.) இன்னொன்று, "பாதி மிஷன்ல எல்லாம் அப்படியே நின்னு போயிருதுங்க." முதலாவது மாட் விவகாரம், இரண்டாவது ஹோஸ்ட் (மிஷனை நடத்தும் மெஷின்) விவகாரம். இரண்டுக்கும் குறி பார்க்கும் திறமைக்கும் சம்பந்தம் குறைவு.

மாட் என்பது துப்பாக்கியில் செருகும் அட்டை; அதை ரேங்க் ரேங்காக ஏற்றச் செலவாகும் பொருள்தான் எண்டோ. அட்டையில் போட்டிருக்கும் சதவீதத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். ஒரே வகை மாட்கள் தங்களுக்குள் கூட்டப்படும். வேறு வேறு வகைகள் ஒன்றையொன்று பெருக்கும். விளையாட்டு இதை எங்கேயும் வாய்விட்டுச் சொல்லாது.

அடிப்படை டேமேஜ் 100 உள்ள ரைஃபிள் என்று வைத்துக்கொள்வோம். முழுதாக ஏற்றிய செர்ரேஷன் +165% தரும், ஆக 265. அடுத்து இன்னொரு 165% கிடைக்கிறதே என்று ஹெவி கேலிபர் போட்டால் 430, கூடவே குண்டு சிதறும். அதற்குப் பதில் ஸ்ப்ளிட் சேம்பர் போட்டுப் பாருங்கள். அதில் +90% மல்டிஷாட் (ஒரே சூட்டில் கூடுதல் குண்டு) என்றுதான் இருக்கும், சின்னதாகத் தெரியும். ஆனால் அது தனி வகை என்பதால் 265 x 1.9, அதாவது 503 தாண்டும். அதன்மேல் தலா +90% உள்ள எலிமென்ட் மாட் (சூடு, குளிர், விஷம் மாதிரி டேமேஜைச் சேர்ப்பது) இரண்டு சேர்த்தால், அவை தங்களுக்குள் கூடி 2.8 மடங்கு: மொத்தம் 1,400க்கு மேல். மாட் போடாத 100 இங்கே வந்து நிற்கிறது. துப்பாக்கி அதேதான்.

கிரிட்டிக்கல் (சில அடி மட்டும் பல மடங்காக விழுவது, சுருக்கமாக கிரிட்) மாட்கள் எல்லாத் துப்பாக்கிக்கும் ஆகாது. பாயிண்ட் ஸ்ட்ரைக் கிரிட் வாய்ப்பை +150%, வைட்டல் சென்ஸ் கிரிட் டேமேஜை +120% ஏற்றும், ஆனால் துப்பாக்கியின் சொந்த எண்ணைத்தான் ஏற்றும். சோமா மாதிரி 30% வாய்ப்பும் 3 மடங்கு கிரிட்டும் உள்ளதில் இந்த இரண்டு அட்டையும் சேர்ந்து சராசரி டேமேஜை மூன்றே கால் மடங்கு ஆக்கிவிடும். 12% வாய்ப்பும் 1.6 மடங்கும் உள்ள துப்பாக்கியில் அதே இரண்டு அட்டை 1.64 மடங்குதான் தரும். அங்கே அந்த இடத்தில் எலிமென்ட் போடுவதே லாபம். ஆயுதங்களைப் பார்க்கும் ஆர்சனல் திரையில் துப்பாக்கியின் கிரிட் வாய்ப்பு 20%க்குக் கீழே இருந்தால் கிரிட் பக்கம் போகாதீர்கள் என்பது என் கணக்கு.

எண்டோ எப்படிக் கரைகிறது என்று தெரிந்தால் பாதிப் பேர் செர்ரேஷனை வேறு மாதிரி ஏற்றுவார்கள். மாட்டை ஒவ்வொரு ரேங்க் ஏற்றும்போதும் செலவு இரட்டிப்பாகும். செர்ரேஷன் ரேங்க் 10 வரை போக மொத்தம் 20,460 எண்டோ, பத்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக கிரெடிட் (விளையாட்டுக் காசு). ரேங்க் 8 வரை மட்டும் என்றால் 5,100 எண்டோ. அதாவது கடைசி இரண்டு ரேங்கே முக்கால்வாசிச் செலவு. அதற்குக் கிடைப்பது என்ன? ரேங்க் 8இல் +135%, ரேங்க் 10இல் +165%, டேமேஜ் 2.35 மடங்கிலிருந்து 2.65 மடங்கு, 13% கூடுதல். மிச்சமாகும் 15,360 எண்டோவில் ஸ்ப்ளிட் சேம்பர், எலிமென்ட் மாட்கள், வார்ஃப்ரேம் என்னும் கவச உடையின் சொந்த மாட்கள் எல்லாவற்றையும் ஏற்றிவிடலாம். எல்லா மாட்டையும் 8 வரையோ அதற்குக் கீழோ கொண்டுவந்த பிறகு 9, 10 பற்றி யோசியுங்கள். ஃப்ளாவ்ட் (Flawed) என்று பெயர் ஆரம்பிக்கும் குறைபட்ட மாட்களில் ஒரு எண்டோகூடப் போட வேண்டாம். வாரம் ஒரு தடவை செவ்வாய்க் கிரகத்தில் மாரூஸ் பஜாரில் மாரூ தரும் அயடான் சிற்பம் தேடும் மிஷனை விடாதீர்கள். சிற்பத்தில் நட்சத்திரங்களைப் பதித்த பிறகு எண்டோவாக மாற்றினால் வெறும் சிற்பத்தைவிட நிறையக் கிடைக்கும்.

இனி எதிரி பக்கம். 2024 ஜூனில் ஜேட் ஷேடோஸ் அப்டேட்டோடு டேமேஜ் பட்டியலையே மாற்றிவிட்டார்கள். பழைய வீடியோவைப் பார்த்து மாட் போடுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். இப்போது எந்த எதிரிக் கூட்டத்துக்கு எந்த டேமேஜ் வகை பலவீனம் என்றால், கிரினீருக்கு இம்பாக்ட், கரோசிவ். கார்பஸுக்கு பங்க்சர், மேக்னெடிக். இன்ஃபெஸ்டடுக்கு ஸ்லாஷ், ஹீட். பலவீனமான வகையில் அடித்தால் ஒன்றரை மடங்கு, தாங்கும் வகையில் அடித்தால் பாதி. மிஷனுக்குள் போகும் முன் திரையிலேயே அந்தக் குறிகள் இருக்கும், ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள்.

கிரினீர் சாகாததற்கு நேரடிக் காரணம் ஆர்மர், அதாவது கவசம். உச்ச ஆர்மர் 2,700; அந்த அளவில் அடியில் 90% போய்விடும். மேலே கணக்குப் போட்ட 1,400இல் உடம்பில் படுவது 140தான். கரோசிவ் ஸ்டேட்டஸ் (அடிபட்டபின் எதிரிமேல் ஒட்டும் பாதிப்பு) ஒன்று பிடித்தால் ஆர்மரில் 26% கழியும், அடுத்தடுத்து 6% வீதம், பத்து சேர்ந்தால் 80%. 2,700 என்பது 540 ஆகும். இப்போது முன்பைவிடப் பல மடங்கு அடி உள்ளே போகும். வைரல் வேறு மாதிரி வேலை செய்யும்: ஆர்மரைத் தொடாது, உயிர்மேல் படும் அடியைக் கூட்டும். முதல் ஸ்டேட்டஸுக்கு +100%, பத்துக்கு +325%. ஆனால் இந்தப் பத்து சேர வேண்டுமென்றால் துப்பாக்கியின் ஸ்டேட்டஸ் வாய்ப்பு போதுமான அளவு வேண்டும். வாய்ப்பு குறைவு என்றால் +90% எலிமென்ட் மாட்டை எடுத்துவிட்டு, 60% எலிமென்டும் 60% ஸ்டேட்டஸும் சேர்ந்து தரும் இரட்டை மாட்களைப் போடுங்கள்: ரைம் ரவுண்ட்ஸ், மாலிக்னன்ட் ஃபோர்ஸ், ஹை வோல்டேஜ், தெர்மைட் ரவுண்ட்ஸ்.

எலிமென்ட் வைக்கும் வரிசையும் முக்கியம். விளையாட்டு மேல் வரிசையை இடமிருந்து வலமாகப் படிக்கும், பிறகு கீழ் வரிசை. முதல் இரண்டு எலிமென்ட்கள் சேர்ந்து ஒன்றாகும். கோல்ட், டாக்சின், ஹீட் என்று வைத்தால் வைரலும் தனி ஹீட்டும் கிடைக்கும்; ஆர்மர் பாதியாகக் குறைய ஹீட் உதவும், உயிர் கரைய வைரல் உதவும். அதே மூன்று அட்டையை கோல்ட், ஹீட், டாக்சின் என்று மாற்றி வைத்துப் பாருங்கள்: கோல்டும் ஹீட்டும் சேர்ந்து ப்ளாஸ்ட் ஆகிவிடும், டாக்சின் தனியாக நிற்கும். "வைரல் பில்டுதான் போட்டேன், வேலை செய்யல" என்பவர்களின் திரையைப் பகிரச் சொன்னால் பெரும்பாலும் இந்த ஒரு அட்டை இடம் மாறியிருக்கும். துப்பாக்கியிலேயே ஊறிய எலிமென்ட் இருந்தால் அது கடைசியாகத்தான் சேரும்.

இத்தனை மாட்டுக்கும் இடம் எங்கே? ரேங்க் 30இல் கொள்ளளவு 30. ஓரோகின் கேட்டலிஸ்ட் என்னும் பொருளைப் போட்டால் 60. ஒவ்வொரு மாட்டும் தின்னும் இடம்: செர்ரேஷன் 14, ஸ்ப்ளிட் சேம்பர் 15, பாயிண்ட் ஸ்ட்ரைக் 9, வைட்டல் சென்ஸ் 9, எலிமென்ட் இரண்டுக்கு 22. கூட்டினால் 69, ஒன்பது உதைக்கும். ஃபார்மா என்னும் பொருளைப் போட்டு, மாட் வைக்கும் இடத்தின் குறியை ஸ்ப்ளிட் சேம்பரின் குறியோடு பொருத்தினால் 15 என்பது 8 ஆகும், 62. செர்ரேஷனுக்கும் ஒன்று போட்டால் 14 பாதியாகி மொத்தம் 55. ரேங்க் 30 தொட்ட பிறகுதான் ஃபார்மா போட முடியும்; போட்டதும் ஆயுதம் ரேங்க் பூஜ்யத்திலிருந்து மறுபடி ஏற வேண்டும். பொருந்தாத குறியில் மாட் வைத்தால் 25% கூடுதலாகத் தின்னும், அதையும் கவனியுங்கள். ஆரம்பத்தில் கிடைக்கும் பிளாட்டினத்தை (விளையாட்டின் உயர் நாணயம்) நிறத்துக்கும் சால்வைக்கும் செலவழிக்காமல், வார்ஃப்ரேமும் ஆயுதமும் வைத்துக்கொள்ளும் இடமான ஸ்லாட்டுக்கு வையுங்கள்: வார்ஃப்ரேம் ஸ்லாட் ஒன்று 20, ஆயுத ஸ்லாட் இரண்டு சேர்த்து 12.

ஹோஸ்ட் விஷயத்துக்கு வருவோம். மிஷனை நடத்துவது நிறுவனத்தின் சர்வர் அல்ல, நாலு பேரில் ஒருவருடைய மெஷின். எதிரிகள் எங்கே நடக்க வேண்டும் என்று தீர்மானிப்பதே அந்த மெஷின்தான். பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்காலில் தலைமடைக்காரர் மடையை அடைத்தால் கடைமடைத் தோட்டம் காய்கிற கதைதான் இதுவும். ஹோஸ்ட் மெஷின் மந்தமாக இருந்தால் எதிரி அசையாமல் நிற்பான், நீங்கள் சுட்டது இரண்டு விநாடி கழித்து விழும், கதவு திறக்காது. ஹோஸ்ட் சட்டென்று போய்விட்டால் திரையில் ஹோஸ்ட் மைக்ரேஷன் என்று வரும், மிச்சமிருப்பவரில் ஒருவர் மெஷினுக்குப் பொறுப்பு மாறும். போட்டு வைத்த அபிலிட்டி எல்லாம் கலைந்து போகும்; சில நேரம் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து தனியாக நிற்க வேண்டியிருக்கும்.

நண்பர்கள் நாலு பேரும் சேர்ந்து போவதென்றால் யார் அழைப்பு அனுப்புவது என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள், பொதுவாக அவர் மெஷின்தான் ஹோஸ்ட். நல்ல பிராசசர், லேன் கேபிள், கரண்ட் போனாலும் அணையாத ஏற்பாடு, இந்த மூன்றும் உள்ளவரே அனுப்பட்டும். நம் பக்கம் மூன்றாவதுதான் பெரிய விஷயம். பல்லடம், சோமனூர் பக்கம் தறி ஓடும் தெருக்களில் வோல்டேஜ் இறங்கி ஏறும். கோடை இடிமழையில் லைன் விட்டு விட்டு வரும். வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். சாதாரண நிலையில் அது மாறுவதற்கு எடுக்கும் நேரத்தைக் கம்ப்யூட்டர் தாங்காமல் ரீஸ்டார்ட் ஆகலாம். கம்ப்யூட்டர் பவர் சப்ளை கரண்ட் இல்லாமல் தாக்குப்பிடிப்பது கிட்டத்தட்ட 16 மில்லிவிநாடிதான். இன்வெர்ட்டரில் யு.பி.எஸ். நிலைக்கு மாற்றும் சுவிட்ச் இருந்தால் அதைப் போடுங்கள், அதில் மாற்றம் வேகமாக நடக்கும். கம்ப்யூட்டர் பிழைத்தாலும் ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் அணைந்தால் கதை முடிந்தது. இரண்டுக்கும் 12 வோல்ட் மினி யு.பி.எஸ். கிடைக்கிறது. அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்டேஜைப் பார்த்து வாங்குங்கள், சில பெட்டி 12 வோல்ட் அல்ல. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பு பேப்பரில் வரும் நாளில் காலை எட்டே முக்காலுக்கு சர்வைவல் மிஷன் ஆரம்பிப்பது அவரவர் துணிச்சல்.

கரண்ட் போய்த் திரும்ப உள்ளே வந்தால், பழைய அணி இன்னும் மிஷனில் இருக்கும்பட்சத்தில் மறுபடி சேரலாமா என்று கேட்கும். ஆம் என்று அழுத்துங்கள். தனியாக ஆடிக்கொண்டிருந்தால் அந்த மிஷனில் சேர்த்தது பெரும்பாலும் போனதுதான்.

யாரோடும் சேர முடியவில்லை, அழைப்பு தோற்கிறது என்றால் நெட்வொர்க்கைப் பாருங்கள். விளையாட்டு பயன்படுத்துவது யு.டி.பி. 4950, 4955 போர்ட்கள். ரவுட்டரில் யு.பி.என்.பி. (தேவையான போர்ட்டை ரவுட்டர் தானே திறக்கும் வசதி) இயக்கினாலே பல வீட்டில் சரியாகிவிடும். ஆகவில்லை என்றால் ரவுட்டர் பக்கத்தில் வான் ஐ.பி. (இணையப் பக்க முகவரி) என்ன என்று பாருங்கள். 192.168 அல்லது 10 என்று ஆரம்பித்தால் முதலில் ரவுட்டருக்குப் பின்னால் இன்னொரு ரவுட்டர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் நிலைக்கு மாற்றச் சொல்லுங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் கேபிள்காரர் ஒரே வெளி முகவரியைப் பல வீட்டுக்குப் பங்கிட்டிருக்கிறார். நீங்கள் எத்தனை போர்ட் திறந்தாலும் பலன் இல்லை. தனி ஐ.பி. கேட்டு வாங்கலாம், மாதம் கூடுதலாகக் கேட்பார்கள். வாங்க மனமில்லை என்றால் ஹோஸ்ட் ஆகாமல், திறந்த இணைப்புள்ள நண்பரின் அழைப்பில் சேருங்கள்.

பிங் லிமிட் (ஹோஸ்டுக்கும் உங்களுக்கும் இடையே நீங்கள் ஒத்துக்கொள்ளும் தாமத எல்லை, மில்லிவிநாடியில்) பற்றி ஒரு எச்சரிக்கை. லேக் வேண்டாம் என்று அதை 100க்கு இறக்கி வைப்பார்கள். அந்த எல்லைக்குள் யாரும் கிடைக்காவிட்டால் விளையாட்டு உங்களையே ஹோஸ்ட் ஆக்கிவிடும், உங்கள் இணைப்பு எவ்வளவு சுமார் என்றாலும். ரீஜனை ஆசியா என்று வைத்து, எல்லையை 200 அல்லது 250க்கு விடுவது நடைமுறைக்கு ஒத்து வரும்.

நாலு பேர் உறுதியாகக் கிடைத்துவிட்டால் அடுத்து ரெலிக்தான். அது மிஷனில் திறக்கும் பரிசுப் பெட்டி மாதிரி; பிரைம் எனப்படும் மேம்பட்ட வார்ஃப்ரேம், ஆயுதங்களின் பாகங்கள் அதிலிருந்துதான் வரும். சாதாரண ரெலிக்கில் அரிய பொருள் விழ 2% வாய்ப்பு. வாய்ட் ட்ரேஸ் என்னும் பொருள் 100 போட்டு ரெலிக்கை ரேடியன்ட் நிலைக்கு ஏற்றினால் 10%. நாலு பேரும் அதே ரெலிக்கை ரேடியன்ட் ஆக்கிக் கொண்டுவந்தால், விழும் நாலில் எதை வேண்டுமானாலும் ஒவ்வொருவரும் எடுக்கலாம் என்பதால் உங்கள் வாய்ப்பு 34%க்கு ஏறுகிறது. ஒருவர் மட்டும் சாதாரண ரெலிக்கோடு வந்தால் மற்ற மூவருக்கும் நட்டம், அதனால் கிளம்பும் முன் எல்லார் ரெலிக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். மிஷனுக்குள் ஒவ்வொருவரும் பத்து ரியாக்டன்ட் (ரெலிக்கைத் திறக்கத் தேவையான பொருள்) சேர்க்க வேண்டும். ஒன்பதோடு வெளியேறும் வாசலுக்கு ஓடியவருக்கு அந்தச் சுற்றில் ரெலிக் திறக்காது. கிடைத்ததை விற்க மாஸ்டரி ரேங்க் (உங்கள் கணக்கின் நிலை) 2 வேண்டும், கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் இயக்கியிருக்க வேண்டும். ஒரு நாளில் உங்கள் மாஸ்டரி ரேங்க் எத்தனையோ அத்தனை வியாபாரம்தான் செய்யலாம், ஆகவே சில்லறைப் பாகங்களை ஒவ்வொன்றாக விற்காமல் முழு செட்டாகச் சேர்த்து விற்பது நல்லது.