கால் மாறும்போது பாருங்கள்: தென் சீனக் குங்ஃபூ ஃபார்ம்களை எடைபோடுவது

போட்டோவில் எல்லா ஃபார்மும் (தனியாளாகச் செய்யும் அசைவு வரிசை) நன்றாகத்தான் இருக்கும். தொடை தாழ்ந்து, புலி நகம் விரிந்து, கண் முறைத்து நிற்க சில மாதப் பழக்கம் போதும். அந்த நிலையிலிருந்து அடுத்த நிலைக்குக் கால் மாறும் அரை நொடியில்தான் சாயம் வெளுக்கும். தென் சீன மாகாணமான குவாங்டாங் பக்கத்துப் பழைய முறைகளைப் பார்க்கும்போது என் கண் முதலில் போவது அந்த அரை நொடிக்குத்தான்.

ஹுங் கா என்ற முறையை எடுத்துக்கொள்வோம். 'கடினப் பாலம், கடினக் குதிரை' என்று தென் சீன முறைகளைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு. பாலம் என்றால் முன்கை, குதிரை என்றால் கால் நிலை. அடிப்படை நிலையான சேய் பிங் மாவில் பாதங்கள் தோள் அகலத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விலகியிருக்கும், கால்விரல்கள் முன்னோக்கியிருக்கும், முழங்கால்கள் பாதங்கள் போகும் திசையிலேயே திறந்திருக்கும். அங்கிருந்து, முன்கால் மடங்கிப் பின்கால் நீளும் வில் நிலைக்கு மாறும்போது, ஆடுபவரின் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். தலை மேலே எழும்பித் திரும்ப இறங்கினால், தொடை பாரம் தாங்காமல் காலை நிமிர்த்தி ஓய்வெடுத்துவிட்டுப் போகிறார் என்று பொருள். வேகமாகச் செய்பவர்கள் இதை மறைத்துவிடுவார்கள். வீடியோ கையில் இருந்தால் நாலில் ஒரு பங்கு வேகத்தில் ஓட்டிப் பாருங்கள், மறைக்க முடியாது.

அடுத்தது பின் குதிகால். வில் நிலையில் குத்து முடியும் கணத்தில் அது தரையை விட்டு எழும்பினால், தரையிலிருந்து இடுப்பு வழியாகக் கைக்கு வர வேண்டிய விசை கணுக்காலிலேயே ஒழுகிவிடுகிறது. பெரும்பாலும் காரணம் நிலை அளவுக்கு மீறி நீண்டிருப்பது; இல்லாவிட்டால் கணுக்கால் இறுக்கம். நிலையை ஒரு சாண் குறைத்தாலே பாதிப் பேருக்குச் சரியாகிவிடும். ஆனால் படத்தில் நீளமான நிலைதான் அழகாகத் தெரிகிறது, யாரும் குறைப்பதில்லை. நிலை உயரமாக இருப்பதைக் குறையாக எண்ண வேண்டாம். வயதான ஆசிரியர் ஒருவர் நாலு அங்குலம் உயரமாக நின்றாலும் முழங்காலும் பாதமும் ஒரே திசையில் இருந்தால் அது நல்ல நிலை. தாழ்ந்து நின்று முழங்கால் உள்ளே சாய்கிறவரைத்தான் திருத்த வேண்டும். அவர் மதிப்பெண்ணோடு முழங்காலையும் சேர்த்தே இழப்பார்.

ஹுங் காவின் ஃபார்ம்களில் ஒன்றான குங் ஜி ஃபுக் ஃபூவின் தொடக்கத்தில் ஆள்காட்டி விரலை நிமிர்த்தி முன்கையை மெதுவாக முன்னால் தள்ளும் பகுதி ஒன்று வரும். இங்கே ஏமாறுவது சுலபம். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, கை நடுங்கினால் 'எவ்வளவு சக்தி!' என்று கைதட்டுகிறார்கள். அது மூச்சை அடக்கியதன் அடையாளம். இறுக்கம் முன்கையிலும் முதுகின் பக்கவாட்டுத் தசையிலும் இருக்க வேண்டும். தோள் காதுப் பக்கம் ஏறக்கூடாது, தாடை கடித்திருக்கக்கூடாது. அதே முறையில் குரலோடு செய்யும் டிட் சின் குயென் ஃபார்மில் இது இன்னும் முக்கியம். அங்கே ஒலி மூச்சோடு சேர்ந்து வெளியேற வேண்டும். தொண்டையில் சிக்கி உறுமலாக வந்தால், ஆடுபவருக்குத் தலைசுற்றல் அடுத்த வாசலில் காத்திருக்கிறது.

புலியும் கொக்கும் சேர்ந்த ஃபூ ஹோக் ஃபார்மில் நான் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: இரண்டும் வேறு வேறு மிருகமாகத் தெரிகிறதா? புலி நகம் விரலில் தொடங்குவதில்லை. முதுகு தள்ள, முன்கை இறுக, உள்ளங்கை போய் விழுந்த பிறகு விரல்கள் பற்றும். விரலை மட்டும் வளைத்துக் காற்றைப் பிராண்டினால் அது பூனை. கொக்கில் மணிக்கட்டு தளர்ந்து கடைசியில் மட்டும் சுண்டும். ஒற்றைக் காலில் நிற்கும்போது நிற்கும் கால் சற்று மடங்கியிருக்கும். அந்தக் காலை விறைத்து நிமிர்த்தி நிற்பவர் பெரும்பாலும் தூக்கிய காலைச் சட்டென்று கீழே போட்டுச் சமாளிப்பார். இரண்டு பகுதிகளும் ஒரே தாளத்தில் போனால், வரிசையை மனப்பாடம் செய்திருக்கிறார், அவ்வளவுதான்.

கால் மாறவே மாறாத ஃபார்மை என்ன செய்வது? விங் சுன் என்ற இன்னொரு தென் சீன முறையின் சியூ நிம் டாவ் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே இடத்தில் நின்று செய்வது. அங்கே காலின் இடத்தில் முழங்கையை வையுங்கள். முதல் பகுதியில் உள்ளங்கை மேல்நோக்கிய டான் சாவ் ஒருமுறை மெதுவாக முன்னே போகும். பிறகு மணிக்கட்டை உள்ளே மடக்கிய ஃபூக் சாவ் மூன்று முறை. முழங்கை நடுக்கோட்டை நோக்கி ஊர்ந்து, விலாவிலிருந்து ஒரு முட்டி தூரத்தில் நிற்க வேண்டும். போகும்போது எல்லோரும் ஒழுங்காகத்தான் போவார்கள். திரும்பி வரும்போது கவனியுங்கள்: மூன்றாவது ஃபூக் சாவ் வரும் நேரத்தில் முழங்கை வெளிப்பக்கம் கழன்றுவிடும், அதை ஈடுகட்டத் தோள் எழும்பும். சந்தேகம் இருந்தால் ஆடுபவரின் அனுமதியோடு முன்கையை அதன் நீளவாக்கில் மெல்லத் தள்ளிப் பாருங்கள். அழுத்தம் குதிகாலில் போய் இறங்கினால் கட்டமைப்பு இருக்கிறது. தோள் பின்னால் ஒடிந்தால் இல்லை. இந்த முதல் பகுதியை அரை நிமிடத்தில் முடிப்பவர், பயிற்சி எதற்காக வைக்கப்பட்டதோ அதையே தாண்டிப் போய்விடுகிறார்.

ஆனால் இந்த அளவுகோலோடு சோய் லீ ஃபட்டுக்குப் போனால் தப்பாகத்தான் தீர்ப்பு சொல்வோம். 1836-இல் சான் ஹியூங் நிறுவிய முறை அது. நீண்ட கை, சுழலும் இடுப்பு. குவா சோய் என்ற புறங்கை அடி மேலிருந்து புரண்டு விழ, அந்த வேகத்தையே கடன் வாங்கி சாவ் சோய் என்ற குத்தைப் பக்கவாட்டில் வீச வேண்டும். நடுவில் நின்று 'அழகாக' நிலையைக் காட்டினால் விசை செத்துவிடும். இங்கே பிழை எங்கே என்றால், கை இடுப்புக்கு முன்னால் கிளம்புவது. வீச்சின்போது எதிர்த்தோளைப் பாருங்கள். அது பின்வாங்காமல் சும்மா இருந்தால், தோள்மூட்டு மட்டும் வேலை செய்கிறது. சட்டைக் கை 'பட்' என்று சத்தம் போடுவதை நம்ப வேண்டாம். கெட்டித் துணி யார் போட்டாலும் சத்தம் போடும்.

போட்டி அரங்கத்து நான்சுவானை இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது இருபதாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட விளையாட்டு வடிவம்: 14 மீட்டருக்கு 8 மீட்டர் விரிப்பு, பெரியவர்களுக்குக் குறைந்தது 1 நிமிடம் 20 விநாடி, பத்து மதிப்பெண்ணில் அசைவுத் தரத்துக்கு 5, ஒட்டுமொத்த வெளிப்பாட்டுக்கு 3, குதிப்பு போன்ற கடின அசைவுகளுக்கு 2. சுழன்று குதித்து குதிரை நிலையில் ஆடாமல் இறங்குவது பெரிய வித்தைதான், மறுக்கவில்லை. பழைய ஃபார்மில் அந்த 2 மதிப்பெண்ணுக்கு வேலையே இல்லை. குங்ஃபூ செய்ய மாடு படுக்கும் இடம் போதும் என்று சீனத்தில் சொல்வார்கள். அந்த இடத்துக்குள் நடப்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு தகராறு, 'எங்கள் ஆசிரியர் கையை இந்த உயரத்தில் வைப்பார்' என்பது. ஒரே ஃபார்ம் கிளைக்குக் கிளை மாறும். ஹுங் காவின் புகழ்பெற்ற ஆசிரியர் வோங் ஃபே ஹுங்கின் சீடர்களின் வழிகளுக்குள்ளேயே வேறுபாடுகள் உண்டு. கையின் உயரத்துக்கு மதிப்பெண் வெட்டாதீர்கள். வலப்பக்கம் செய்ததையே இடப்பக்கமும் செய்கிறாரா என்று பாருங்கள். பழக்கமில்லாத பக்கம் பொய் சொல்லாது.

கடைசியாக, முடிவு வணக்கம். கடைசி அடி விழுந்ததும் பலர் உடம்பைத் தளர்த்தி, பாதத்தை இழுத்துக்கொண்டு, பார்வையைத் தரையில் போட்டு வெளியேறிவிடுவார்கள். கால் சேரும் அந்த இரண்டு விநாடியும் ஃபார்முக்குள்தான் இருக்கிறது. எடை ஒரு காலுக்கு முழுதாக மாறிய பிறகே மற்றக் கால் வர வேண்டும். கைகள் இறங்கும்வரை கண் முன்னால் இருக்க வேண்டும். நான் அங்கேயும் தலைக்குப் பின்னால் உள்ள அந்தச் சுவர்ப் புள்ளியைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.