மேக்னம் துப்பாக்கிக்கு எத்தனை அங்குலக் குழல்?

புதுச்சேரியில் சொல்தா குடும்பங்கள், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின் குடும்பங்கள், இருக்கும் தெருக்களில், பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அங்கே சுடும் கிளப்பில் சேர்ந்து அனுமதியும் கையில் வந்திருக்கும். .357 மேக்னம் ரிவால்வரை 4 அங்குலத்தில் வாங்குவதா, 6 அங்குலத்திலா? வேட்டை உரிமம் எடுத்தவர்கள் .300 வின்செஸ்டர் மேக்னம் ரைஃபிளுக்கு இதையே சென்டிமீட்டரில் கேட்கிறார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது தோட்டாவுக்குள் இருக்கும் மருந்தை. மேக்னம் என்றால் அதே விட்டத்தில் கூடுதல் மருந்து. அது மெதுவாக எரியும் ரகம். குண்டு குழல் வாயைத் தாண்டும் வரைதான் அதைத் தள்ள முடியும். அதற்குப் பிறகு விரியும் வாயு முழுக்க வெளிச்சமாகவும் சத்தமாகவும் போய்விடும். குழல் குட்டையானால் காசு கொடுத்து வாங்கிய மருந்தில் ஒரு பங்கைக் காற்றில் கொளுத்துகிறோம்.

.357 மேக்னம் 1935-இல் வந்தபோது அதன் முதல் ரிவால்வருக்கு 8¾ அங்குலக் குழல். 158 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) குண்டு 4 அங்குலத்தில் வினாடிக்கு ஏறக்குறைய 1,235 அடி போகும். இரண்டரை அங்குலத்துக்கு இறங்கினால் 150 அடிக்கு மேல் விழும். 4-இலிருந்து 6-க்கு ஏறினால் 100 அடி அளவில் கூடும். 6-இலிருந்து 8-க்குப் போனால் அதில் பாதி கிடைத்தாலே பெரிது. தோட்டாவுக்குத் தோட்டா இது மாறும், ஆனால் போக்கு இதுதான். .44 மேக்னத்தில் 240 கிரெய்ன் குண்டு 4 அங்குல ரிவால்வரில் 1,180 அடி, 20 அங்குலக் கார்பைனில், அதாவது குட்டை ரைஃபிளில், 1,760 அடி. ரிவால்வரில் இரண்டு அங்குலம் கூட்டி இந்த வேகத்தை எட்டவே முடியாது. அதனால் வேகத்துக்காக 8 அங்குல ரிவால்வர் வாங்காதீர்கள்.

பேப்பர் டார்கெட்டுக்கு நான் 6 அங்குலத்தைத்தான் சொல்வேன். காரணம், குறி பார்க்க முன்னும் பின்னும் இருக்கும் இரண்டு சைட்டுகளுக்கும் நடுவே உள்ள தூரம். 4 அங்குல ரிவால்வரில் அது சுமார் 150 மில்லிமீட்டர், 6 அங்குலத்தில் சுமார் 200. முன் சைட் அரை மில்லிமீட்டர் விலகினால் 25 மீட்டரில் முதலாவது 83 மில்லிமீட்டர் தள்ளி அடிக்கும், இரண்டாவது 62 மில்லிமீட்டர். 25 மீட்டர் பிரிசிஷன் டார்கெட்டில் அது 7 புள்ளிக்கும் 8 புள்ளிக்கும் உள்ள வித்தியாசம். முன்பக்கம் எடை கூடுவதால் வாய் மேலே எகிறுவதும் அடங்கும். ஆனால் மணிக்கட்டு பலமில்லாதவருக்கு அதே முன்கனம் பத்தாவது ரவுண்டிலேயே கையை நடுங்க வைக்கும். அப்படிப்பட்டவருக்கு 4 அங்குலமே சரி. ஃபிரெஞ்சு மானுரின் எம்ஆர்73 ரிவால்வர் 5¼ அங்குலத்திலும் வந்தது. இரண்டுக்கும் நடுவே தவிப்பவர்களுக்கு நல்ல சமரசம். இரண்டரை அங்குல மேக்னத்தைப் பயிற்சிக்கு வாங்குவது வீண். தீப்பிழம்பும் அறையும் சத்தமும் சேர்ந்து, விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடும் பழக்கத்தைக் கொண்டுவரும். அதைப் போக்கப் பல மாதம் ஆகும். எந்த நீளமானாலும் காதுக்குள் பிளக், அதன் மேல் மஃப், இரண்டும் வேண்டும்.

அளக்கும் முறை தெரியாமல் ஒப்பிட்டு ஏமாறுபவர்கள் நிறைய. ரிவால்வரில் தோட்டாக்களை வைத்துச் சுழலும் சிலிண்டர் கணக்கில் வராது. குழல் வாயிலிருந்து அதன் பின்விளிம்பு வரை மட்டும்தான். பிஸ்டலிலும் ரைஃபிளிலும் தோட்டா உட்காரும் சேம்பரும் சேர்ந்தே அளவு. ஆகவே 4 அங்குல ரிவால்வரும் 4 அங்குல பிஸ்டலும் ஒன்றாகாது. ரைஃபிளை அளக்க, தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டை மூடுங்கள். மெல்லிய மரக்குச்சியை வாய் வழியே விட்டு, போல்ட் முகத்தில் முட்டியதும் வாய் விளிம்பில் பென்சிலால் கோடு போட்டு எடுத்து அளந்தால் போதும்.

பழைய ரிவால்வர் வாங்கும்போது குழலின் நீளத்தோடு சிலிண்டருக்கும் குழலுக்கும் உள்ள இடைவெளியையும் பாருங்கள், அதுவும் வேகத்தைக் குறைக்கும். டாப்பெட் அட்ஜஸ்ட் செய்யும் மெக்கானிக் வைத்திருப்பாரே, அதே ஃபீலர் கேஜ்தான் கருவி. காலி சிலிண்டரைப் பின்னுக்குத் தள்ளிப் பிடித்து ஒவ்வொரு தகடாகச் செருகிப் பாருங்கள். 0.10 முதல் 0.20 மில்லிமீட்டர் வரை நன்று. 0.25 தகடு உள்ளே போனால் அதை விட்டுவிடுங்கள். 0.05 தகடே போகாவிட்டாலும் தொல்லை. கரி படிந்து சூடேறியதும் சிலிண்டர் சுற்றாமல் இறுகிவிடும். அந்த இடைவெளிக்குப் பக்கத்தில் விரல் வைக்கவே கூடாது. ரைஃபிள் பிடித்துப் பழகியவர்கள் இடது கையை முன்னே நீட்டிவிடுவார்கள். அங்கே பக்கவாட்டில் சீறும் வாயு சதையைக் கிழிக்கும்.

ரைஃபிளில் கணக்கு வேறு. .300 வின்செஸ்டர் மேக்னம் 180 கிரெய்ன் குண்டை 24 அங்குலக் குழலில் வினாடிக்கு 2,960 அடியில் அனுப்பும். அங்குலத்துக்கு 25 முதல் 30 அடி குறையும் என்று வைத்தால் 20 அங்குலத்தில் ஏறக்குறைய 2,850. சாதாரண .30-06 அதே குண்டை 24 அங்குலத்தில் 2,700-இல் அனுப்புகிறது. குட்டை மேக்னம் இன்னும் முந்துகிறதுதான். அந்த 150 அடிக்காகத் தோளில் வாங்கும் உதையையும் குழல் வாயில் வெடிக்கும் சத்தத்தையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு அது கட்டுப்படியாகத் தெரியவில்லை. மேக்னம்தான் வேண்டும் என்றால் 24 அல்லது 26 அங்குலம், அதாவது 61 அல்லது 66 சென்டிமீட்டர். புதருக்குள், காட்டுப்பன்றியை விரட்டி வரும் வேட்டைக்குக் குட்டைதான் வசதி என்றால் .30-06 அல்லது .308 எடுத்து 51 சென்டிமீட்டரில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீளக் குழல்தான் குறி தவறாது என்று நினைக்க வேண்டாம். ஸ்கோப் பொருத்தியபின் சைட் தூரம் கணக்கிலேயே இல்லை. ஒரே தடிமனில் 26 அங்குலக் குழல் 22 அங்குலத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலாக வளையக்கூடியது. வாய் விளிம்பில் சின்ன நசுங்கல் இருந்தால் எந்த நீளமும் காப்பாற்றாது. விளிம்பைச் சுற்றிப் பஞ்சை உருட்டிப் பாருங்கள், இழை மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது.

நம்மூரில் உரிமம் வைத்திருப்பவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். நீளமாக வாங்கி அப்புறம் வெட்டிக்கொள்ளலாம் என்ற யோசனைக்கே இடமில்லை. தனி உரிமமில்லாமல் குழலைக் குறைப்பது ஆயுதச் சட்டம் 1959-இன் 6-ஆம் பிரிவின்படி குற்றம். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் பன்றி இறங்குகிறது என்பதற்காகத் துப்பாக்கியைத் தூக்கவும் முடியாது; 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது.

கடலூரிலும் புதுச்சேரியிலும் உப்புக்காற்று எந்த நீளத்தையும் விடாது. எவர்சில்வர் குழலும் துருப்பிடிக்கும், கொஞ்சம் தாமதமாக. தோல் உறையிலும் ஃபோம் பெட்டியிலும் மாதக்கணக்கில் வைக்காதீர்கள், இரண்டுமே ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒருமுறை குழலுக்குள் எண்ணெய்த் துணி போய் வரட்டும். ரிவால்வரில் .38 ஸ்பெஷல் தோட்டாக்களைச் சுட்டிருந்தால் சேம்பரையும் பாருங்கள்: அதன் கூடு .357-ஐவிட 3.4 மில்லிமீட்டர் குட்டை, முடியும் இடத்தில் கரி வளையமாகக் கட்டியிருக்கும். வெண்கலப் பிரஷ்ஷால் அதைத் தேய்த்து எடுக்காமல் .357 போட்டால் உள்ளே போக மறுக்கும். அழுத்திப் போட்டுச் சுட்டால் காலிக் கூடு வெளியே வராது. சுடப்போகும் அன்று காலை, குழலுக்குள் இருக்கும் எண்ணெயை உலர்ந்த துணியால் முழுக்கத் துடைத்துவிட்டே கிளம்புங்கள்.