அட்டையைத் திருப்பிப் படியுங்கள்: பதற்ற மாத்திரையைக் குறைத்து நிறுத்தும் விதம்

தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம் 'படபடப்பா இருக்கு, ராத்திரி தூக்கமே இல்ல' என்று கிளினிக்குக்குப் போனால், அடிக்கடி கையில் கிடைப்பது கூட்டு மாத்திரை: எஸிட்டலோபிராம் 10 மி.கி., குளோனசிபாம் 0.5 மி.கி. முதலாவது பதற்றத்தைக் குறைக்க இரண்டு முதல் ஆறு வாரம் எடுக்கும். இரண்டாவது அன்று ராத்திரியே தூங்க வைக்கும். முதல் இரண்டு, நாலு வாரத்துக்கு இரண்டும் சேர்ந்து கொடுப்பதில் தப்பில்லை. அதற்கப்புறம் குளோனசிபாமைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு அதற்குப் பழகிவிடும். ஒட்டிப் பிறந்ததுபோல் ஒரே மாத்திரையில் இருப்பதால் யாரும் கழற்றுவதில்லை. அதே அட்டையை மாதாமாதம் வாங்கி ஒரு வருஷம் ஓடிவிடும்.

ஆகவே முதலில் அட்டையைத் திருப்பி, பெரிய எழுத்துப் பெயரை விட்டுவிட்டு, அடியில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். மெடிக்கலில் நறுக்கிக் கொடுத்த நாலு மாத்திரையில் பெயரே இருக்காது. முழு அட்டையாகக் கேளுங்கள். கிளிடினியத்தோடு சேர்த்து வயிற்றுக்குக் கொடுக்கும் மாத்திரையில் குளோர்டயஸிபாக்ஸைடு இருக்கும். அதுவும் குளோனசிபாம் இனம்தான், 'கேஸ் மாத்திரை' என்றே வீட்டில் பேர்.

குறைப்பதை மருத்துவர் சொல்லித்தான் தொடங்க வேண்டும். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள், எல்லா அட்டைகளும் பழைய சீட்டுகளும் கையில் இருக்கட்டும். கேட்க வேண்டியது ஒன்றுதான்: இரண்டு மருந்தையும் தனித்தனியாக எழுதித் தாருங்கள். கூட்டு மாத்திரையைப் பாதியாக உடைத்தால் எஸிட்டலோபிராமும் பாதியாகி, பழைய பதற்றம் திரும்பலாம்.

பல மாதம் தினம் குளோனசிபாம் 0.5 மி.கி. சாப்பிட்டவருக்குச் சாதாரணமாக எழுதப்படும் கணக்கு: 0.25 மி.கி. மாத்திரை தினம் ஒன்றரை வீதம் இரண்டு வாரம்; அடுத்து ஒன்று வீதம் இரண்டு வாரம்; அடுத்து அரை வீதம் இரண்டு வாரம்; பிறகு நிறுத்தம். நாக்கில் கரையும் வகை உடைத்தால் பொடியாகும், அதை வேண்டாம் என்று சொல்லுங்கள். மாத்திரை வெட்டும் டப்பா மெடிக்கலிலேயே கிடைக்கும். 'ஒரு நாள் விட்டு ஒரு நாள்' என்ற கைவைத்தியம் கெடுதல்: ரத்தத்தில் மருந்து ஏறி இறங்கி, விடும் நாளில் உடம்பு அலறும். அதே இனத்து அல்பிரஸோலம் சீக்கிரம் இறங்குவதால் இன்னும் மோசம்.

குறைத்த சில நாளில் கை நடுக்கம், வியர்வை, தூக்கக் கெடுதல், சத்தம் பொறுக்காமை வரலாம். அந்த அளவிலேயே இன்னும் ஒரு வாரம் நில்லுங்கள், மேலே ஏறாதீர்கள். தானாக ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரலாம். வந்தால் நேராக 108. தினம் குடிப்பவர், வலிப்பு நோயாளி, கர்ப்பிணி ஆகியோர் வீட்டில் குறைக்கவே கூடாது. கடலுக்குப் போகும் வாரத்தில் அளவை மாற்றாதீர்கள். படகில் தலை சுற்றினால் யார் பிடிப்பது?

அல்பிரஸோலமும் அதே இனத்து டயஸிபாமும் 2014 மார்ச் முதல் ஹெச்1 அட்டவணையில், அதாவது மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில் உள்ளன. மருந்துக்கடை தனிப் பதிவேட்டில் மருத்துவர், நோயாளி பெயரை எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். சீட்டு கேட்கும் கடைக்காரரிடம் சண்டை போடாதீர்கள், கேட்காமல் தருபவரிடம்தான் எச்சரிக்கை தேவை.

கடைசி அரை மாத்திரைதான் ரொம்ப இழுக்கும். தூக்கம் வராத ராத்திரி பழைய அட்டையைத் தேடும் முன் அரசின் மனநல உதவி எண் 14416க்குப் போன் போடுங்கள், தமிழில் பேசலாம்.