வலைத் தொரட்டியும் மஞ்சள் பந்தும்

மார்ச் மாதம் ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைகிறேன், கதவோரம் ஒரு கோல் சாய்ந்திருக்கிறது. நுனியில் வளையம், வளையத்தில் வலை. கேரளத்து எல்லை ஊரான முதலமடையில் அப்பா திண்ணையோரம் சாய்த்து வைக்கும் மாங்காய்த் தொரட்டியேதான், நீளம்தான் குறைச்சல். அமெரிக்காவில் பால்டிமோர் பக்கம் வந்து பதினோரு வருஷம் ஆச்சு, பனி பழகிவிட்டது, ஊர் நினைப்பெல்லாம் அடங்கிவிட்டது என்று முந்தின வாரம்தான் அக்காவிடம் போனில் சொல்லியிருந்தேன். அந்தக் கோலைப் பார்த்த நிமிஷத்தில் மூக்கில் மாம்பால் வாசனை ஏறிவிட்டது.

"அம்மா, அது லக்ராஸ் ஸ்டிக். நான் டீம்ல சேர்ந்துட்டேன்" என்றாள் மகள். வயது பன்னிரண்டு.

லக்ராஸ் என்றால் இந்த வலைக்கோலால் பந்தைப் பிடித்து எறிந்து ஆடும் ஆட்டம். எங்கள் மேரிலாந்து மாநிலத்தில் அதற்குத் தனி மரியாதை உண்டு. 2004-ல் மாநிலத்தின் குழு விளையாட்டு என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். பெண்கள் ஆட்டம் ஆண்கள் ஆட்டம் மாதிரி முட்டி மோதுவது இல்லை. கண்ணுக்குக் கம்பிக் கண்ணாடி, பல்லுக்கு ஒரு காப்பு, அவ்வளவுதான். வலையில் விழுந்த பந்து வெளியே துள்ளாமல் இருக்க, கோலைக் காதோரம் வைத்து லேசாக ஆட்டிக்கொண்டே ஓட வேண்டும். அந்த ஆட்டலுக்கு இவர்கள் தொட்டில் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மகள் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் ராத்திரியெல்லாம் பந்தைத் தொட்டிலாட்டினாள்.

முதல் நாள் பயிற்சியில் அவளுடைய கோச், அறுபதைத் தாண்டிய அம்மா, பெற்றோரை எல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு கதை சொன்னார். இது இந்த மண்ணின் பூர்வகுடிகளுடைய ஆட்டம். ஹோடனோஷோனி மக்களுக்கு அது வழிபாடு மாதிரி. 1884-ல் கனடாவுக்குப் போன லூயிசா லம்ஸ்டன் என்ற ஸ்காட்லாந்து ஆசிரியை அங்கே அதைப் பார்த்து வியந்தார். 1890-ல், அவர் முன்பு தலைமை ஆசிரியையாக இருந்த ஸ்காட்லாந்தின் செயின்ட் லியனார்ட்ஸ் பள்ளியில் பெண் பிள்ளைகள் முதல் ஆட்டம் ஆடினார்கள். அதே பள்ளியில் படித்த ரோசபெல் சின்க்ளேர் பிறகு பால்டிமோருக்கு வந்து, 1926-ல் பிரின் மார் பள்ளியில் அமெரிக்காவின் முதல் பெண்கள் அணியைத் தொடங்கினார். 1992-ல் லக்ராஸ் புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்ட முதல் பெண்ணும் அவர்தான். வேறு நாட்டிலிருந்து வந்த ஒரு டீச்சர் கோல்களைக் கொடுத்து "ஓடுங்கள்" என்று சொன்னதில்தான் இந்த ஊர் மைதானங்களில் இத்தனை பெண் பிள்ளைகள் ஓடுகிறார்கள்.

அவர் சொல்லச் சொல்ல எனக்கு எங்கள் பி.டி. டீச்சர் முகம்தான் தெரிந்தது.

எங்கள் பக்கம் பி.டி. உஷா பேரைச் சொன்னால் அவருடைய கோச் நம்பியார் சார் பேரையும் சேர்த்தே சொல்வார்கள். 1984 லாஸ் ஏஞ்சலஸில் நூறில் ஒரு பங்கு வினாடியில் வெண்கலம் போனதை, தன் வீட்டுக் கடிகாரத்தில் போன மாதிரி டீச்சர் சொல்வார். ஒத்தப்பாலத்து மலையாளி, பேசும் தமிழ் பாதி மலையாளம். கரம்பாகக் கிடந்த பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, எங்களை வரிசையாக உட்கார வைத்துக் கோ-கோ சொல்லிக்கொடுத்தார். முதுகில் தட்டி "கோ" என்ற சத்தம் கேட்டதும் எழுந்து பாய்கிற அந்த ஒரு நொடிக்காகவே நான் பள்ளிக்கூடம் போனேன்.

எட்டாம் வகுப்பில் வயதுக்கு வந்தேன். அதோடு ஓட்டம் நின்றது.

டீச்சர் மூன்று முறை வீட்டுக்கு வந்தார். கொல்லங்கோட்டு பஸ்ஸில் இறங்கி, தோப்பு வழியாக நடந்து, படியில் கேன்வாஸ் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, அம்மா கொடுத்த மோரைக் குடித்தார். அப்பா மாங்காய்க் குவியல் முன்னால் குந்தியபடி, நிமிர்ந்து பார்க்காமல் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். "பெரிய மனுசியாயிட்ட புள்ளைங்க டீச்சர். இனி ஓட வேண்டாங்க." மூன்று முறையும் இதே பதில். கடைசி முறை போகும்போது டீச்சர் என் தலையில் கை வைத்து "மோளே" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஷூவின் நாடாவைக் கட்ட அவருக்கு ரொம்ப நேரம் ஆனது. நான் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா எனக்கு எத்தனையோ செய்திருக்கிறார். இந்த ஒன்று மட்டும் எனக்கு ஆறவே இல்லை.

சரி, மகளின் முதல் ஆட்டத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை காலை ஒன்பது மணி, ஊரில் மாலை ஆறரை. அப்பாவை வீடியோவில் கூப்பிட்டேன். "அதென்ன கண்ணு, மாங்கா பறிக்கப் போறியா?" என்று பேத்தியிடம் கேட்டுச் சிரித்தார். நடு வட்டத்தில் இவளும் எதிரணிப் பெண்ணும் கோல்களை இடுப்பு மட்டத்தில் படுக்க வைத்து ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்தார்கள். நடுவர் இடையில் மஞ்சள் பந்தைச் செருகி விலகினார். விசில். இரண்டு கோலும் மேலே இழுபட, பந்து அவர்கள் தலைக்கு மேல் போனது. இவள் எம்பிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். "கோ!" என்று நான் போட்ட சத்தத்துக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள்.

2028-ல் இந்த ஆட்டம் ஒலிம்பிக்குக்குத் திரும்ப வருகிறது, பெண்கள் ஒலிம்பிக்கில் ஆடப்போவது இதுதான் முதல் தடவை, அதுவும் அதே லாஸ் ஏஞ்சலஸில் என்று இடைவேளையில் அப்பாவிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. படம் உறைந்துவிட்டதோ என்று பார்த்தேன். பின்னால் தொரட்டி சாய்ந்திருந்தது, கொசு விரட்டக் கை மட்டும் அசைந்தது.

ஆட்டம் முடியும் வரைக்கும் திண்ணையை விட்டு எழவில்லை அவர். போனை வைக்கும்போது கேட்டார்: "அந்த டீச்சர் வீடு ஒத்தப்பாலத்துல எந்தப் பக்கம் கண்ணு?"