குடிவந்து எத்தனை மாதம் ஆச்சு?

போன மாதம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் வந்து, "அண்ணா, சனி ஞாயிறு உங்க காரை எடுத்துக்கலாமா? ஃபேமிலியோட போடன்சே ஏரி வரைக்கும் போயிட்டு வந்துடறோம்" என்று கேட்டான். ஊரில் எட்டு வருடம் கார் ஓட்டியவன். கையில் இந்திய லைசன்ஸும் இருந்தது, சர்வதேச ஓட்டுநர் பெர்மிட்டும் இருந்தது. நான் ஒன்றுதான் கேட்டேன்.

"ஜெர்மனிக்குக் குடிவந்து எத்தனை மாசம் ஆச்சு?"

"ஏழு முடிஞ்சுதுண்ணா."

சாவியைக் கொடுக்கவில்லை. பெர்மிட்டில் ஒரு வருடம் என்று அச்சிட்டிருப்பதைக் காட்டினான். நம் ஆட்கள் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். அந்த ஒரு வருடம் சுற்றுலா வருபவர்களுக்கு. இங்கே வீடு பிடித்துக் குடியேறிவிட்டால், இந்திய லைசன்ஸ் செல்லுபடியாவது அன்றிலிருந்து ஆறு மாதம் மட்டும். பெர்மிட்டில் எந்தத் தேதி இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஒரு வருடத்துக்கு மேல் தங்கப்போவதில்லை என்று நிரூபித்தால் நீட்டித்துத் தருவார்கள். வேலைக்கு வந்த நம்மில் எத்தனை பேருக்கு அது பொருந்தும்?

ஆறு மாதம் தாண்டி ஓட்டினால் அது வெறும் அபராதத்தோடு முடியும் விஷயமில்லை. லைசன்ஸ் இல்லாமல் ஓட்டியதாகக் குற்ற வழக்கு ஆகும். தெரிந்தே காரைக் கொடுத்தவர் மீதும் வழக்கு வரும். விபத்து நடந்தால் அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் பணம் கொடுத்துவிடும். ஆனால் ஓட்டியவரிடமிருந்து 5,000 யூரோ வரை திருப்பிக் கேட்கலாம். விசாவை நம்பி வாழ்கிறவர்கள் நாம். குற்ற வழக்கு என்ற சொல்லே நம் பக்கம் வரக்கூடாது. அவன் முகம் வாடியது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

சில நாட்டு லைசன்ஸ்களை இங்கே தேர்வு இல்லாமலே மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு இரண்டையும் நாம் எழுதியாக வேண்டும். ஒரே சலுகை, புதிதாகக் கற்பவர்களுக்குக் கட்டாயமான வகுப்புகள் நமக்குக் கட்டாயமில்லை. ஆனாலும் தேர்வுக்கு ஓட்டுநர் பள்ளியின் கார் வேண்டும், பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார வேண்டும், எனவே ஒரு பள்ளியில் சேராமல் முடியாது. கண் பரிசோதனைச் சீட்டும் ஒரு நாள் முதலுதவி வகுப்புச் சான்றும் வைத்து விண்ணப்பித்த பிறகு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால்தான் புதிதாக வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன்: வீட்டு முகவரியைப் பதிவு செய்த வாரத்திலேயே இந்த வேலையையும் தொடங்குங்கள்.

எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம். 30 கேள்விகள், தவறுகளுக்கு 10 புள்ளிகள் வரை மன்னிப்பு. ஆனால் ஐந்து புள்ளிக் கேள்விகள் இரண்டு தவறினால் தோல்விதான். படித்தால் தாண்டிவிடலாம். என்னைத் தடுத்தது ஓட்டுத் தேர்வு. கையும் காலும் பழகியிருந்தன, கண் பழகவில்லை.

வலது பக்கம் திரும்பும்போது கண்ணாடியைப் பார்த்தால் மட்டும் போதாது. தலையைத் திருப்பித் தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்க்க வேண்டும். 'ஷுல்டர்ப்ளிக்' என்பார்கள். கண்ணாடியில் தெரியாத மூலையில் சைக்கிள் வந்துகொண்டிருக்கும். நேராகப் போகிற அந்த சைக்கிளுக்குத்தான் முன்னுரிமை. முதல் தேர்வில், திரும்பும் இடத்தில் நான் பார்க்காமல் வளைத்தேன். பயிற்சியாளர் தன் பக்கத்து பிரேக்கை மிதித்தார். ஒரு பெண், பின்னால் குழந்தை இருக்கையோடு, எங்கள் கதவை ஒட்டிக் கடந்து போனாள். தேர்வு அங்கேயே முடிந்தது. தோற்றதைவிட அந்தக் குழந்தையின் மஞ்சள் ஹெல்மெட்தான் ரொம்ப நாள் கண்ணில் நின்றது. இன்றும் தெருவில் யாருமே இல்லாவிட்டாலும் தலை தானாகத் திரும்புகிறது.

அப்புறம் 'ரெக்ட்ஸ் ஃபோர் லிங்க்ஸ்', அதாவது வலதுக்குப் பிறகே இடது. முன்னுரிமைப் பலகையோ சிக்னலோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். நீங்கள் போவது அகலமான தெருவாகவும் அவர் வருவது சின்னச் சந்தாகவும் இருக்கலாம், அதனால் ஒன்றும் மாறாது. ஊரில் பெரிய வண்டி, பெரிய சாலை என்று பார்த்துப் பழகிய மனசுக்கு இது எளிதில் ஏறாது. 30 கிலோமீட்டர் வேக வரம்புள்ள பகுதிகளில் ஒவ்வொரு சந்திலும் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். யாரும் ஹாரன் அடித்து நினைவூட்ட மாட்டார்கள்.

ஆட்டோபான் என்ற விரைவு நெடுஞ்சாலையில் நெரிசல் தொடங்கியதும், வண்டிகள் நிற்பதற்கு முன்பே இடது ஓரத் தடத்தில் இருப்பவர்கள் இடப்பக்கமும், மற்ற எல்லாரும் வலப்பக்கமும் ஒதுங்கி நடுவில் ஆம்புலன்ஸுக்கு வழி விட வேண்டும். விடாவிட்டால் குறைந்தது 200 யூரோ அபராதம், அதோடு போக்குவரத்து மீறல்களைக் குறித்து வைக்கும் ஃப்ளென்ஸ்புர்க் பதிவேட்டில் புள்ளிகளும் ஏறும். அங்கே எட்டுப் புள்ளி சேர்ந்தால் லைசன்ஸ் போய்விடும். நூற்றுக்கணக்கான கார்கள் சொல்லி வைத்ததுபோல் விலகி நடுவில் ஒரு பாதை திறப்பதை முதல் முறை பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

இன்சூரன்ஸுக்கு வருகிறேன். மூன்று சொற்கள் தெரிந்தால் போதும். 'ஹாஃப்ட்ஃப்ளிக்ட்' அடுத்தவருக்கு நாம் செய்யும் சேதத்துக்கு. இது கட்டாயம், இது இல்லாமல் கார் பதிவே ஆகாது. 'டைல்காஸ்கோ' திருட்டு, தீ, ஆலங்கட்டி மழை, கண்ணாடி உடைவது, மான் மோதுவது போன்றவற்றுக்கு. 'ஃபோல்காஸ்கோ' எடுத்தால் நம் தவறால் நம் காருக்கே வரும் சேதமும் சேரும். பழைய காருக்கு மூன்றாவது தேவையில்லை என்பது என் கருத்து.

பிரீமியத்தை ஏற்றி இறக்குவது எஸ்எஃப் வகுப்பு. விபத்தில்லாமல் ஓட்டிய வருடங்களின் கணக்கு அது. புதிதாக வரும் நமக்குப் பெரும்பாலும் பூஜ்ஜியத்தில் தொடங்கும், முதல் பில் கண்ணைக் கட்டும். ஊரில் கிளெய்ம் இல்லாமல் ஓட்டியதற்கு உங்கள் பழைய நிறுவனத்திடம் ஆங்கிலத்தில் கடிதம் வாங்கி வந்து கேட்டுப் பாருங்கள். ஏற்பதும் மறுப்பதும் இங்குள்ள நிறுவனத்தின் விருப்பம். நிறுவனம் மாற நினைத்தால், ஜனவரியில் தொடங்கும் பாலிசிகளுக்கு நவம்பர் 30-க்குள் விலகல் கடிதம் போய்ச் சேர வேண்டும். யார் யார் ஓட்டுவார்கள் என்று பாலிசியில் எழுதியிருப்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மனைவி லைசன்ஸ் எடுத்த அன்றே அவர் பெயரைச் சேர்த்துவிட வேண்டும்.

இந்த இன்சூரன்ஸ் என்னவென்று எனக்கு உண்மையில் புரிந்தது ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில்தான். பின்னால் எடுக்கும்போது என் பம்பர் ஒரு சாம்பல் நிறக் காரின் கதவில் உரசியது. விரல் நீளத்துக்கு ஒரு கீறல். சுற்றிலும் யாருமில்லை. பெயரும் போன் நம்பரும் எழுதி அந்தக் காரின் வைப்பரில் செருகிவிட்டுக் கிளம்பப் போனேன். ஒரு சந்தேகத்தில், முப்பது வருடமாக இங்கே இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவருக்கு போன் போட்டேன்.

"தம்பி, அந்த இடத்தை விட்டு அரக்கக் கூடாது. துண்டு எழுதி வைக்கிறது காணாது. அதைக் காத்து கொண்டு போட்டுதெண்டா நீர் ஓடிப்போன ஆள். அதுக்குக் கேஸ் போடுவாங்கள். நில்லும், பொலிசுக்கு அடியும்."

நின்றேன். காத்திருந்து யாரும் வராததால் போலீஸுக்குச் சொன்னேன். இரண்டு பேர் வந்தார்கள். குரல் உயர்த்தவில்லை, லைசன்ஸையும் காரின் பதிவுச் சீட்டையும் வாங்கிக் குறித்துக்கொண்டார்கள், கீறலைப் படம் எடுத்தார்கள். எழுதி முடிக்கும் நேரத்தில் கார்க்காரர் வந்தார், வயதான அம்மா, கையில் காய்கறிப் பை. கதவைத் தடவிப் பார்த்தார். "இருந்தீர்களே, நன்றி" என்று ஜெர்மனில் மெதுவாகச் சொன்னார். என் இன்சூரன்ஸ் விவரத்தைக் கொடுத்தேன். அன்று மாலையே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட்டேன்.

சில வாரம் கழித்து அவர்கள் அந்த அம்மாவுக்குக் கொடுத்த தொகையைக் குறித்துக் கடிதம் வந்தது. இந்தப் பணத்தை நாமே திருப்பிக் கட்டிவிட்டால் எஸ்எஃப் வகுப்பு இறங்காது, அதற்குக் காலக்கெடு உண்டு என்று அதில் எழுதியிருந்தது. மனைவியும் நானும் இரவு உட்கார்ந்து, அடுத்த சில வருடங்களில் கூடப்போகும் பிரீமியத்தைக் கூட்டிப் பார்த்தோம். கட்டுவதுதான் லாபம் என்று தெரிந்தது. மறுநாள் காலையில் பணத்தை அனுப்பிவிட்டோம்.